பன்னிரண்டு இசைத்தட்டுகளும் ஒரு பிளாஸ்டர் துண்டும்

கேட்காத இசையைப் பற்றி எழுதுவதைப்போலச் சுகமான வேலை எழுத்தில் வேறில்லை. இசை நடுவில் புகுந்து நம்மைத் தொந்தரவு செய்யாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். என்னுடைய முப்பத்து நாலாவது வயதில், கற்பிட்டியில் இருந்துகொண்டு, ‘சாவதற்கு முன் கேட்டேயாக வேண்டிய பன்னிரண்டு ஜாஸ் இசைத்தட்டுகள்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். பன்னிரண்டில் ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. (அந்த நிலையில் நானே செத்திருந்தால் என் கதி என்ன என்பதைக் கட்டுரை விளக்கவில்லை.)

யுத்தம் முடிந்து நாலு வருடம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று எங்கள் கடலில் ஓட வரத் தொடங்கிய காலம். அவர்களை நம்பி ஊரில் இரண்டு இன்டர்நெட் கடைகள் திறந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்து, உலகின் தலைசிறந்த ஜாஸ் தட்டுகள் என்று யார் யாரோ போட்டிருந்த ஐந்து பட்டியல்களை அச்செடுத்தேன். ஐந்திலும் இருந்த பெயர் பாஸ். நாலில் இருந்தது ஃபெயில். இதுதான் என் விமர்சன முறை. எங்கள் பக்கத்து வெங்காய வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத்தான் விலை பேசுவார். நான் மூட்டையைப் பார்க்காமலே பேசினேன்.

ஒரேயொரு தட்டை மட்டும் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்தேன். நாற்பது செக்கனில் நின்றுவிட்டது. அந்த நாற்பது செக்கனுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘இந்தத் தட்டில் ட்ரம்பெட் ஊதப்படவில்லை, உப்பளத்தின்மேல் விடியல் வெறுங்காலோடு நடந்து வருகிறது’ என்று அதில் ஒரு வரி. (நல்ல வரிதான். இன்றைக்கும் எனக்குக் கோபம் அதில்தான்.)

கொழும்புச் சிற்றிதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் வாசித்தார்கள். ஒருவர் என் மனைவி பரீதா.

“இதுல வாற ஆக்களெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டாள்.

“இசை வழியாத் தெரியும்.”

“ஓ,” என்று மீன் கழுவப் போனாள். அந்த ‘ஓ’வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மற்றவர் டொக்டர் ஜெயசிங்கம். ஓய்வுபெற்றபின் எங்கள் உப்புநீர்க் களப்புக் கரையில் வீடு கட்டிக்கொண்டு பதினெட்டு வருடமாகத் தனியாக இருந்தவர். வீட்டில் முந்நூறு ஜாஸ் ரெக்கோட்டுகள் வைத்திருந்தார். அவுஸ்திரேலியாவில் இருந்த மகள், இனி அங்கே தனியாக இருக்கவேண்டாம், வந்துவிடுங்கள் என்று டிக்கெட் அனுப்பியிருந்தாள். டொக்டர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கற்பிட்டியில ஜாஸ் கேக்கிற மனிசன் ஒருத்தர் இருக்கிறார் எண்டு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சே, தம்பி.”

எனக்கும் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

“கொழும்பில ஒரு சங்கம் இந்த ரெக்கோட்டுகளைக் கேக்குது,” என்றார். “எனக்கெண்டால் இஞ்சயே விட்டிட்டுப் போக விருப்பம். உம்மட வாசிகசாலையில வைக்கலாம். ஆனால் கேக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாரும். ரெண்டு தட்டுப் போடுறன், கேட்டிட்டுக் கதைப்பம்.”

நான் வாசிகசாலையின் செயலாளர். எங்கள் சொத்து இரண்டு பத்திரிகை, ஒரு கரம் போர்ட், கீழ்த்தட்டைக் கறையான் தின்ற ஓர் அலுமாரி. அன்றைக்கே கமிட்டியைக் கூட்டினேன். முந்நூறு இசைத்தட்டு, இலங்கையில் எந்த வாசிகசாலையிலும் இல்லாதது, வரப்போகிறது என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் அலுமாரி காலியாகிக் கழுவப்பட்டுப் பச்சை நிறம் பூசப்பட்டது. சனிக்கிழமை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் ஆட்கள் எனக்கு வழி விட்டார்கள். ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் போனது பாட்டுக் கேட்க மட்டுமல்ல. ஓர் ஊரின் காலி அலுமாரியையும் தலையில் சுமந்துகொண்டு போனேன்.

என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனது பரீதாவின் தம்பி நிஜாம். கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, உள்ளே எது செத்திருக்கிறது என்று சொல்லுவான். கொட்டிலுக்குள் குனிந்தபடியே, வெளியே வரும் படகு யாருடையது, அது எத்தனை நாளில் திருத்த வரும் என்பதையும் சொல்லுவான். டொக்டருடைய சின்னப் படகும் ஸ்டார்ட் ஆகாமல் கிடந்தது. அதைப் பார்க்கத்தான் அவன் வந்தான்.

வழியில் அவனுக்கு நான் ஓர் அறிவுரை சொன்னேன். “நிஜாம், அங்க வந்து வாயத் தொறக்காத. இது வேற உலகம்.”

“சரி மச்சான்,” என்றான். (அவனிடம் உள்ள கெட்ட குணம், சொன்னால் கேட்பான்.)

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. டொக்டரின் முன் அறையில் அவரோடு சேவியர் மாஸ்டர் இருந்தார். சிலாபம் பக்கம் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து டொக்டரோடு ரெக்கோட் கேட்பவர். மடியில் ஒரு கொப்பி வைத்திருந்தார்.

முதலில் மெஷினைக் காட்டினார்கள். சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிபயர், இரண்டு படகு பட்டரிகளில் ஓடியது.

“சுவரால வாற கரண்டில அழுக்கு இருக்கு, தம்பி,” என்றார் டொக்டர். “சத்தத்துக்கு அது கூடாது. தட்டைச் சுத்துற மோட்டருக்கு மட்டும் சுவர்க் கரண்ட். அதுக்கு அழுக்குத் தெரியாது.”

பிறகு இருவரும், விருந்தாளியை மறந்துவிட்டு, பதினெட்டு வருடச் சண்டையைத் தொடர்ந்தார்கள். ஒரு தட்டு அத்தியாவசியமானது என்று எதை வைத்துச் சொல்வது? மாஸ்டர் ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்து, நடுவில் கீறியிருந்த இலக்கத்தைக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். முதல் அச்சாக இருக்கவேண்டும், ஒரே நாளில் வாசித்து முடித்ததாக இருக்கவேண்டும், ஒட்டு வெட்டு இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

“முதல் அச்செண்டால் என்ன, மூண்டாம் அச்செண்டால் என்ன,” என்றார் டொக்டர். “ரெண்டாம் பக்கத்தைப் பாரும். முதல் பக்கத்தை எல்லாரும் கேப்பினம். ரெண்டாம் பக்கம் தேய்ஞ்சிருந்தால்தான் அந்தத் தட்டில்லாமல் ஒருத்தன் இருக்கமாட்டான் எண்டு அர்த்தம்.”

“அப்ப உங்கட செல்லத் தட்டு?” என்றார் மாஸ்டர். “அதில அவங்கள் எடுத்திருக்கிற சுருதியப் பாருங்க. எந்த மனிசனும் வாசிக்கப் பயப்பிடுற சுருதி. அந்தத் துணிச்சல்தான் மேதைமை. நான் முழுக்க எழுதி வைச்சிருக்கிறன்.” கொப்பியைத் தட்டினார்.

நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். என் ஐந்து பட்டியல் முறையைச் சபைக்கு வைக்கும் நேரம் அதுவல்ல என்று பட்டது.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “நான் ஆரிட்டையும் மூண்டு கேள்விதான் கேக்கிறது. எத்தினை பேர் வாசிக்கினம்? ஆர் ஆருக்கு இடம் விடுறான்? அவைக்குள்ள ஆர் மற்றவையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்? வேற ஒண்டும் தெரியத் தேவையில்லை.”

உறையைப் பத்திரிகைத் தாளால் சுற்றி மறைத்துவிட்டு முதல் தட்டைப் போட்டார். ஓடி முடிந்தது.

“எத்தினை பேர்?”

பத்துப் பதினைந்து உவமைகளோடு தயாராய் இருந்த என்னிடம் எண்ணிக்கை இருக்கவில்லை. “ஏழு,” என்றேன்.

“ஏழோ?”

நிறுத்தியிருக்கலாம். “ஏழு பேரும், எட்டாவதாக ஒருவருடைய நிழலும்,” என்றேன்.

யா அல்லாஹ், இந்த வாயால்தான் சொன்னேன். வாசித்தது மூன்று பேர் என்று பிறகு தெரிந்தது. சேவியர் மாஸ்டர் கொப்பியைத் திறந்து அந்த நிழலைக் குறித்துக்கொண்டார்.

“பரவாயில்லை, முதல் தட்டு பதட்டம்தான்,” என்றார் டொக்டர். நல்ல மனிதர். “இது என்ர செல்லத் தட்டு. ஆறுதலாக் கேளும்.”

இம்முறை கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் ஞானம் மாதிரித் தெரியும். படகைப் பார்த்துவிட்டு வந்த நிஜாம், எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வாசல் நிலையில் சாய்ந்தது மட்டும் கடைசியாகத் தெரிந்தது.

சக்ஸபோன் தொடங்கியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது எனக்குப் பிடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜாஸ் தட்டை உண்மையிலேயே கேட்கிறேன். யாரோ ஒருவர் என்னைத் தெரியாமலே என் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியே கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நான் கவிஞன். அதற்குப் பொருத்தமான வாக்கியத்தைத் தேட உள்ளே போய்விட்டேன்.

வாக்கியம் அரைவாசி கட்டியிருந்தபோது அந்த அற்புதம் நடந்தது. சக்ஸபோன் மெல்லச் சரிந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இறங்கவில்லை. எல்லாச் சுரங்களையும் தாண்டி வழுக்கிக்கொண்டே போனது. மேளம் வயதாகித் தள்ளாடியது. பியானோ தூக்கத்தில் பேசியது. எல்லாருமாகக் கைகோத்துக் கடலடிக்குப் போய், பெரிய மிருகமொன்று பெருமூச்சு விட்டதுபோல ஓர் உறுமல். பிறகு ஒன்றுமில்லை.

நான் கண்ணைத் திறக்காமல் வலது கையை மேலே உயர்த்தினேன்.

“டொக்டர், யாரும் பேசவேண்டாம்,” என்றேன். “இதுதான். மனித குலம் இசையில் செய்த மிகத் துணிச்சலான காரியம் இப்போது நடந்தது. தன் குரலைத் தானே புதைக்கும் தைரியம் எத்தனை கலைஞனுக்கு உண்டு? இதோ, இந்த மௌனத்தைக் கேளுங்கள். இந்த மௌனத்தையும் வாசிக்கிறார்கள். இந்த மௌனத்துக்காகவே இந்தத் தட்டு அத்தியாவசியம்.”

ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பேசினேன். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி,” என்றார் டொக்டர். “கரண்ட் போயிட்டுது.”

கண்ணைத் திறந்தேன். தட்டு நின்றிருந்தது. அதன்மேல் ஊசி நின்றிருந்தது. பட்டரியில் ஓடிய அம்ப்ளிபயர் மட்டும் சிவப்பு விளக்கோடு, நின்றுபோன தட்டை விசுவாசமாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு தென்னோலை மின்கம்பியில் தொங்கி ஆடியது.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டு எழும்பியிருக்கலாம். நான், “கரண்ட் போனதும் ஒருவகையில்...” என்று தொடங்கினேன். சேவியர் மாஸ்டர் கைலேஞ்சியை முகத்தில் பொத்திக்கொண்டு கதிரையோடு குலுங்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

“அந்தப் பன்னிரண்டில எத்தினை கேட்டிருக்கிறீர், தம்பி?”

ஆறு என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நிஜாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒன்று,” என்றேன். “நாற்பது செக்கன்.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நான் கொழும்புக்கே சொல்லிவிடுறன். குறை நினைக்காதையும்.”

என் கண்ணுக்குள் பச்சை அலுமாரி வந்து நின்றது. பூச்சு இன்னும் காயவில்லை.

அப்போது வாசலில் ஒரு செருமல். “டொக்டர், ஒண்டு கேக்கட்டா?”

நான் நிஜாமைப் பார்வையால் அடக்கினேன். அவன் என்னிடமும் அனுமதி கேட்டான். “மச்சான், வாயத் தொறக்கட்டா?”

“கேளும்,” என்றார் டொக்டர்.

“இந்தத் தட்டு நிமிசத்துக்கு எத்தின சுத்து சுத்தணும்?”

“முப்பத்துமூண்டும், மூண்டில ஒண்டும்.”

“இது முப்பத்தஞ்சரை சுத்துது.”

சேவியர் மாஸ்டரின் கைலேஞ்சி கீழே வந்தது. “உமக்கு எப்பிடித் தெரியும்?”

“நடுவுல லேபலுல ஒரு வெள்ளக் கோடு இரிக்கி. செவுத்துல மணிக்கூடு இரிக்கி. சுத்துற சாமானக் கண்டா எனக்கு எண்ணாம நிக்க ஏலா.” எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “மத்தது, அந்த ஊதுற மனிசனுக்கு மூச்செடுக்க நேரம் காணாம இரிக்கி. சுமை இல்லாம ஓடுற எஞ்சின் மாதிரி. அவ்ளோ சுருக்கா ஊதுற ஆள் இல்ல அவர்.”

டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இப்ப ஓடினதில எத்தினை பேர்?”

“நாலு.”

“ஆர் கேட்டுக்கொண்டிருக்கிறான்?”

நிஜாம் யோசித்தான். “மேளக்காரர். ஊதுறவர் வெளிய பாய நிக்கிறார், இவர் விடல்ல. கரையில மூணாவது அல போகும் வரைக்கும் எஞ்சின சும்மா ஓடவிட்டுக்கிட்டு நிப்பாங்களே, அது மாதிரிப் புடிச்சி வெச்சிரிக்கார். அல போன ஒடன ரெண்டு பேரும் ஒண்டாப் பாயிறாங்க. பெரிய தந்தி வாசிக்கிறவர்தான் ப்ரொப்பெல்லர். அவர் சத்தம் ஒருத்தருக்கும் கேக்காது. அவர் நிண்டா போட் நிக்கும்.”

டொக்டர் பக்கத்துக் கதிரையை அவனுக்காக இழுத்துப் போட்டார்.

அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. நாலு பேரும் தட்டைச் சுற்றி நின்று எண்ணினோம். முப்பத்தைந்தரை. மாஸ்டர், எண்ணியது பிழை என்றார். தன் கைக்கடிகாரத்தை வைத்துத் திரும்ப எண்ணினார். முப்பத்தைந்தரை. நிஜாம் தட்டையும் அதன் கீழிருந்த வட்டத்தையும் தூக்கி எடுத்தான். பெல்ட்டை இழுக்கும் மோட்டரின் சின்னச் சக்கரத்தில், புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. பழுத்துப்போய்க் கபில நிறம்.

“இதுனாலதான் சக்கரம் பெருத்து, தட்டு வேகமா ஓடுது. ஆர் இத ஒட்டின?” என்றான் நிஜாம்.

டொக்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். “இஞ்ச வந்த புதிசில பெல்ட் வழுக்கினது,” என்றார். “வழுக்காமல் இருக்கட்டும் எண்டு... என்ர பையில வேற என்ன இருக்கும்?”

பதினெட்டு வருடம். முதல் அச்சு, மூன்றாம் அச்சு, அழுக்கில்லாத கரண்ட், தேய்ந்த இரண்டாம் பக்கம் என்று இருவரும் தீர்ப்புச் சொன்ன ஒவ்வொரு தட்டும் பிளாஸ்டர் வேகத்தில் ஓடியிருக்கிறது. சேவியர் மாஸ்டர் மெதுவாகக் கொப்பியைத் திறந்தார். “அப்ப அந்தச் சுருதி...” என்றார்.

“கொஞ்சம் கீழ இரிக்கும் மாஸ்டர்,” என்றான் நிஜாம், ஆறுதலாக. (யாரும் வாசிக்கப் பயப்படும் அந்தச் சுருதியை வாசித்தது சக்ஸபோன்காரர் அல்ல, டொக்டரின் மருந்துப் பை.)

நிஜாம் பிளாஸ்டரை உரித்தான். டொக்டரின் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் வாங்கிப் பெல்ட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான், வழுக்கல் நின்றது. தட்டு திரும்ப ஓடியது. சக்ஸபோன் முன்பைவிட ஒரு படி கீழே, அகலமாக, அவசரமில்லாமல் வந்தது. பாய்வதற்கு முன் அந்த மனிதர் மூச்செடுத்தது எனக்கே கேட்டது. டொக்டர் ஒரு பக்கம் முடியும்வரை உட்காரவில்லை.

“பதினெட்டு வருசமா இந்த மனிசனை நான் அவசரப்படுத்திப் போட்டன்,” என்றார்.

அடுத்த கிழமை முந்நூறு ரெக்கோட்டும் மெஷினும் பட்டரியும் வாசிகசாலைக்கு வந்து இறங்கின, டொக்டர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றோடு. அதில் இரண்டே நிபந்தனைகள். ஒன்று, பொறுப்பாளர் நிஜாம். இரண்டு, தட்டு ஓடும்போது செயலாளர் பேசக்கூடாது. கமிட்டி அதைச் சட்டம்போட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் மாட்டியது. நான் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினேன். ஆணியையும் நானே அடித்தேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வாசிகசாலையில் ரெக்கோட் ஓடுகிறது. கடலுக்குப் போகாதவர்களும் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டு முடித்தவர்களும் வந்து உட்காருகிறார்கள். பன்னிரண்டு அத்தியாவசியத் தட்டுகளின் பட்டியல் கரும்பலகையில் இருக்கிறது. சண்டை வந்தால் அழித்து எழுதுவோம். என் பழைய பன்னிரண்டில் இரண்டு அதில் உண்டு. அந்த உப்பளத் தட்டு அதில் இல்லை. டொக்டரின் சேகரிப்பில் அது இருந்தது, முழுதாகக் கேட்டோம். விடியலும் இல்லை, வெறுங்காலும் இல்லை. யாரோ ஒருவர் எங்கேயோ போகப் பிந்திப்போய் ஓடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து விஷயம் தெரிந்த ரசிகர்கள் காரில் வருகிறார்கள். எந்த நாட்டு அச்சு, எந்த ஆண்டு என்று பேசத் தொடங்குவார்கள். நிஜாம் கையைத் துடைத்தபடி, “அதெல்லாம் இரிக்கட்டும். எத்தின பேர்?” என்பான். அவர்கள் முகம் போகும் போக்கை மூலைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஏழு பேரும் நிழலும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்படிப் பேசாமல் இருக்கும்போது எனக்கு வரும் பெருமை, எழுதிய எதிலும் வந்ததில்லை. என் மச்சான் என்று சொல்லத் தோன்றும். சட்டம் மேலே மாட்டியிருக்கிறது.

வீட்டில் கதை வேறு. அன்றைக்கு நடந்ததை நிஜாம் அங்கே சொல்லிவிட்டான். கச்சான் காலத்தில் கரண்ட் போகும். போனால் எங்கள் வீட்டில் யாரும் டோர்ச் தேடுவதில்லை. ஃபேனின் மூன்று இறக்கைகளும் தளர்ந்து, தள்ளாடி, நிற்கும்வரை எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். “வாப்பா, சொல்லுங்க,” என்பாள் மகள். நான் வலது கையை உயர்த்தி, “அத்தியாவசியம்,” என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் சோறு.

போன மாதம் பகல் சாப்பாட்டுக்கு நிஜாம் வந்திருந்தான். சோற்றுக் கோப்பையில் கறி விழுந்த நேரம் கரண்ட் போனது. பரீதா கரண்டியை அப்படியே பிடித்தாள். ஃபேன் சோர்ந்து, இழுத்து, ஏறக்குறைய நின்றது. நான் கையை உயர்த்தினேன்.

“அவசரப்படாதீங்க மச்சான்,” என்றான் நிஜாம், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். “இன்னம் ஒரு சுத்து இரிக்கி.”

இருந்தது.